கேஸ் நடத்துறது யாரு? சின்னக் குற்றங்களும் மூணு புத்தகங்களும்

கொஞ்ச நாள் முன்னாடி நண்பன் ஒருத்தனுக்குத் துணையா வர்ஜீனியாவில் ஒரு கவுண்டி கோர்ட்டுக்குப் போயிருந்தேன். கவுண்டி பேர் வேண்டாம். அவன் செஞ்சது இவ்வளவுதான்: ஐ-66 நெடுஞ்சாலையில் 65 மைல் வரம்பு இருக்கிற இடத்தில் 86-ல் போனான். மாநில போலீஸ்காரர் நிறுத்தி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டார். நம்ம ஆள் மதுரைக்காரன். "பெட்டி கேஸ்தான் மாப்ள, ஆன்லைன்ல காசக் கட்டிட்டுப் போயிட்டே இருக்கலாம்" என்றான்.

கட்ட முடியலை. அந்தத் தாளில் இருந்த வார்த்தை 'ரெக்லஸ் டிரைவிங்'. வர்ஜீனியாவில் வரம்பை 20 மைல் தாண்டினாலோ, வரம்பு என்னவா இருந்தாலும் 85-ஐத் தாண்டினாலோ (2020 ஜூலைக்கு முன்னாடி இது 80) அது வெறும் ஓவர் ஸ்பீட் இல்லை. முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது கிரிமினல் குற்றம். அதிகபட்சம் 12 மாசம் ஜெயில், 2,500 டாலர் அபராதம். ஓட்டுநர் பதிவேட்டில் 11 வருஷம் நிற்கும். தபாலில் காசு அனுப்பித் தீர்க்க முடியாது, கோர்ட்டில் ஆஜராகணும்.

நம்ம ஊரிலும் அபராதம் கட்டி முடிக்கிற சின்ன வழக்கு உண்டு. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 206-வது பிரிவிலேயே, சில்லறைக் குற்றத்துக்கு ஆஜராகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தபாலில் அபராதம் அனுப்ப வழி வச்சிருந்தது. நண்பன் மனசில் இருந்தது அந்தப் படம். அவன் போய் நின்ன இடம் வேற.

அன்னைக்குக் காலையில் அந்த அறையில் என்னை உறுத்தின விஷயம் ஒண்ணுதான். ஜட்ஜ் இருந்தார், போலீஸ்காரர்கள் வரிசையா உட்கார்ந்திருந்தாங்க, குமாஸ்தா இருந்தார், சுமார் அம்பது பேர் பெஞ்சில் காத்துக்கிட்டு இருந்தோம். அரசுத் தரப்பு வக்கீலைக் காணோம். ஒவ்வொரு கேஸுக்கும் டிக்கெட் எழுதின போலீஸ்காரரே எழுந்து, தானே சாட்சி சொல்லி, ஜட்ஜ் கேட்டால் தானே தன் கருத்தையும் சொல்லிட்டு உட்கார்ந்தார். கிரிமினல் வழக்குன்னு பேர், வழக்கை நடத்துறவர் யார்னு தெரியலை.

அதுக்கப்புறம் இந்த விஷயத்தைப் பற்றி மூணு புத்தகம் படிச்சேன். இந்தக் குறிப்பு அந்த மூணு புத்தகங்களைப் பற்றியும், அந்த அறையை வச்சுப் பார்த்தால் அவை எங்கே நிற்கின்றன என்பதைப் பற்றியும்.

முதல் புத்தகம்: நடைமுறையே தண்டனை

மால்கம் ஃபீலியின் 'தி ப்ராசஸ் இஸ் தி பனிஷ்மென்ட்' 1979-ல் வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரத்தின் கீழ்க்கோர்ட்டில் உட்கார்ந்து 1,640 வழக்குகளை அலசியிருக்கார். அதில் ஒண்ணுகூட முழு விசாரணைக்குப் போகலை. குறைவாச் சொல்லலை, ஒண்ணுகூட இல்லை. தீர்ப்புக்குப் பிறகு ஜெயிலுக்குப் போனவர்கள் சுமார் 5 சதவீதம்தான். தீர்ப்புக்கு முன்னாடியே, ஜாமீன் கிடைக்காமல் உள்ளே கிடந்தவர்கள் அதைப் போல இரண்டு மடங்கு.

இதிலிருந்து ஃபீலி எடுக்கிற முடிவுதான் புத்தகத்தின் தலைப்பு. தீர்ப்பில் வர்ற அபராதம் சின்னது. லீவு போட்டு இழந்த சம்பளம், ஜாமீன் ஏஜெண்டுக்குக் கொடுத்த காசு, வக்கீல் ஃபீஸ், திரும்பத் திரும்ப வந்து போற அலைச்சல், இதெல்லாம் பெரிசு. அதனால் 'எனக்கு விசாரணை வேணும்'னு உரிமையைக் கேட்கிறவனுக்குத்தான் நஷ்டம். குற்றத்தை ஒப்புக்கிட்டுப் போறவன் புத்திசாலி. கோர்ட்டுப் படி ஏறக்கூடாதுன்னு நம்ம பெரியவங்க சொல்றதை ஒரு அரசியல் விஞ்ஞானி எண்ணிக்கையோட நிறுவின மாதிரி இருக்கு. வாய்தான்னு ஒரு வார்த்தையை வச்சிருக்கிற நமக்கு இது புதுசு இல்லை.

புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற இடம். கேஸ் அதிகம், ஆள் குறைவு, அதனாலதான் கோர்ட் இப்படி நடக்குதுன்னு எல்லாரும் சொல்ற காரணத்தை ஃபீலி ஏத்துக்கலை. கேஸ் குறைஞ்சாலும் கோர்ட் இப்படித்தான் நடக்கும் என்கிறார். அங்கே இருக்கிற ஜட்ஜ், பிராசிக்யூட்டர், வக்கீல் எல்லாருக்கும் இந்த வேகம் பழகிப்போச்சு, அதில் ஒருவித நியாயமும் அவங்களுக்குத் தெரியுது. பேரம்னு வெளியே பேசிக்கிறாங்களே தவிர, உள்ளே நடக்கிறது சந்தைப் பேரம் இல்லை, விலைச் சீட்டு ஒட்டின சூப்பர் மார்க்கெட் என்கிறார். இந்த மாதிரி கேஸுக்கு இந்த விலைன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்.

இங்கே என் முதல் ஆட்சேபம். சூப்பர் மார்க்கெட்டில் விலைச் சீட்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும். நான் பார்த்த அறையில் விலை வக்கீலுக்கு மட்டும்தான் தெரிஞ்சது. நண்பன் வச்ச வக்கீல் அவனைப் பார்த்ததும் சொன்ன முதல் விஷயம், "ஸ்பீடோமீட்டரைச் சோதிச்சு சான்றிதழ் வாங்கு, எட்டு மணி நேர டிரைவிங் வகுப்பை முடிச்சுட்டு வா" என்பதுதான். இது எந்தச் சட்டத்திலும் விலையா எழுதியில்லை. தெரிஞ்சவன் முன்கூட்டியே கட்டிட்டு வர்றான், தெரியாதவன் கையை வீசிட்டு வந்து நிற்கிறான். ஃபீலியின் கோர்ட்டில் எல்லாரும் ஒரே மாதிரி அலைஞ்சாங்க. இங்கே அலைச்சலே ஆளுக்கு ஆள் வேற.

இரண்டாம் புத்தகம்: பார்த்துக்கிட்டே இருக்கிற கோர்ட்

இஸ்ஸா கோலர்-ஹௌஸ்மனின் 'மிஸ்டிமீனர்லேண்ட்' (2018) நியூயார்க் நகரத்தைப் பற்றியது. 1990-களில் போலீஸ் அங்கே சில்லறைக் குற்றங்களுக்கு ஆட்களை வளைச்சு வளைச்சுப் பிடிக்க ஆரம்பிச்சது. கைது எண்ணிக்கை ஏறினால் தண்டனை எண்ணிக்கையும் ஏறணும்னுதான் யாரும் நினைப்போம். ஏறலை. தண்டனை விகிதம் இறங்கிச்சு.

ஏன்? அவர் சொல்ற பதில் இது: அந்தக் கோர்ட், இவன் செஞ்சானா இல்லையான்னு கேட்கிறதையே விட்டுடுச்சு. இவன் எப்படிப்பட்ட ஆள், திரும்ப வருவானான்னு சோதிக்க ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கு மூணு கருவி: பதிவேட்டில் ஒரு குறி போடுறது, திரும்பத் திரும்ப வரவழைச்சு அலைக்கழிக்கிறது, வகுப்பு, சேவைன்னு ஏதாவது செஞ்சு காட்டச் சொல்றது. ஆறு மாசம் வம்பு இல்லாமல் இருந்தால் கேஸ் தானாகத் தள்ளுபடி ஆகும்னு ஒத்திவைக்கிற ஏற்பாடு ஒண்ணு அங்கே உண்டு. பார்க்கத் தயவு மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஆறு மாசமும் அவன் கண்காணிப்பில் இருக்கிறவன்.

புத்தகத்தின் சிறந்த பக்கங்கள் வாய்தாவைப் பற்றியவை. முதல் வகுப்பு மிஸ்டிமீனருக்கு 90 நாளுக்குள் அரசுத் தரப்பு தயாராகணும்னு நியூயார்க் சட்டம். பிராசிக்யூட்டர் எழுந்து "இன்னும் தயாராகலை, ஒரு வாரம் போதும்" என்பார். கோர்ட்டில் தேதி கிடைக்கிறது ஒண்ணரை மாசம் கழிச்சு. கணக்கில் ஏறுறது ஒரு வாரம், குற்றம் சாட்டப்பட்டவன் வாழ்க்கையில் போறது ஒண்ணரை மாசம். 90 நாள் இப்படித்தான் வருஷக்கணக்கில் நீளும். 2020-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினாங்க, ஆனால் புத்தகம் பேசுற காலம் இது.

ஆய்வுன்னு பார்த்தால் மூணில் இதுதான் வலுவானது. ஆனால் இந்தச் சித்திரத்துக்கு ஒரு பெரிய ஆபீஸ் வேணும். கோப்பு வச்சு, பழைய குறியைப் பார்த்து, அடுத்த தடவை விலையை ஏத்துற பிராசிக்யூட்டர் வேணும். நியூயார்க்கில் உண்டு. கைதான சில மணி நேரத்தில் அரசு வக்கீல்தான் குற்றச்சாட்டை எழுதுறார். நான் உட்கார்ந்திருந்த அறையில் அந்த மூளையே இல்லை. சோதிக்கிறதுக்கும் யாரும் இல்லை, மன்னிக்கிறதுக்கும் யாரும் இல்லை. ரோட்டோரத்தில் எழுதின தாளே குற்றப்பத்திரிகை.

மூன்றாம் புத்தகம்: கோபம்

அலெக்ஸாண்ட்ரா நாட்டாபாஃபின் 'பனிஷ்மென்ட் வித்தவுட் க்ரைம்' (2018) மூணில் அதிகம் பேர் படிச்சதா இருக்கும். அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 1.3 கோடி மிஸ்டிமீனர் வழக்குகள், மொத்த கிரிமினல் வழக்குகளில் ஐந்தில் நாலு பங்கு என்று கணக்குச் சொல்றார். சினிமாவிலும் சீரியலிலும் நாம பார்க்கிற கொலைக் கேஸ், ஜூரி, ஆவேச வாதம் எல்லாம் ஒரு ஓரம். நிஜமான அமெரிக்க நீதி இந்தச் சில்லறை அறைகளில்தான் இருக்கு என்பது அவர் வாதம். இதை மறுக்க முடியாது.

போலீஸ்காரரே வழக்கு நடத்துற கோர்ட்டுகளைப் பற்றியும் எழுதியிருக்கார், அது பாராட்டவேண்டிய விஷயம். நியூ ஹாம்ப்ஷயர், சவுத் கரோலினா போன்ற மாநிலங்களில் சின்ன வழக்குகளில் இது ரொம்ப நாளா இருக்கிற வழக்கம். வர்ஜீனியாவில் சட்டமே இதுக்கு இடம் வச்சிருக்கு. உள்ளூர் பிராசிக்யூட்டருக்கு அங்கே காமன்வெல்த் அட்டர்னின்னு பேர், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற பதவி. பெருங்குற்றங்களை அவர் நடத்தியே ஆகணும். மிஸ்டிமீனர்களை, விருப்பப்பட்டால் நடத்தலாம். அந்த 'லாம்' கவுண்டிக்குக் கவுண்டி வேற மாதிரி அர்த்தம் ஆகுது. ஒரு இடத்தில் எல்லா வழக்கிலும் ஆள் இருக்கும், அடுத்த கவுண்டியில் போக்குவரத்துப் பக்கமே யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க.

இந்த இடத்தில் நம்ம ஊர் ஒப்பீடு பயன்படும். இந்தியாவில் அதே 1973 சட்டத்தின் 25-வது பிரிவு, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்கு நடத்த உதவி அரசு வழக்கறிஞர் வேணும், போலீஸ் அதிகாரியை அந்தப் பதவியில் போடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. வழக்கறிஞர் கிடைக்காத நேரத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அப்பவும் அந்த வழக்கை விசாரிச்ச அதிகாரி கூடாது, இன்ஸ்பெக்டருக்குக் கீழே கூடாது. நம்ம கீழ்க்கோர்ட்டுகளைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனால் பிடிச்சவனே வழக்கு நடத்தக்கூடாது என்கிற அளவுக்காவது சட்டப் புத்தகத்தில் எழுதிட்டோம்.

நாட்டாபாஃபோடு எனக்கு இருக்கிற சண்டை அவர் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கு. குற்றமே இல்லாமல் தண்டனை. அப்பாவிகள் மாட்டிக்கிறாங்க என்பதுதான் புத்தகத்தின் உந்துவிசை. உண்மைதான், மாட்டிக்கிறாங்க. ஆனால் என் நண்பன் அப்பாவி இல்லை, 86-ல்தான் போனான். அன்னைக்கு அங்கே இருந்த பலரும் செஞ்சதைச் செஞ்சவங்கதான். அவங்களுக்கு என்ன பதில்? அநியாயத்தை அப்பாவித்தனத்தில் கட்டி வச்சால், தப்பு செஞ்சவன் கையில் வாதமே மிஞ்சாது. கேட்கவேண்டிய கேள்வி, செஞ்சானா என்பது மட்டும் இல்லை. செஞ்ச தப்புக்கு இந்தப் பேர், இந்த எடை சரியா, அதை யார் முடிவு பண்ணணும் என்பதும்தான்.

வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள்

மூணு புத்தகமும் முடிச்சதும் எனக்கு வந்த முதல் யோசனை சுலபமானது: எல்லா அறையிலும் ஒரு பிராசிக்யூட்டரை உட்காரவை, தீர்ந்தது. ஆனால் ஃபீலி படிச்சவன் அப்படிச் சொல்ல முடியாது. நியூ ஹேவனில் பிராசிக்யூட்டர் இருந்தார், 1,640-ல் ஒரு விசாரணைகூட நடக்கலை. நியூயார்க்கில் பெரிய ஆபீஸே இருந்தது, அலைக்கழிச்சதே அந்த ஆபீஸ்தான். ஆள் இருக்கிறதால மட்டும் ஒண்ணும் ஆகலை.

அப்போ என்னதான் வேணும்? பாஸ்டன் நகரம் இருக்கிற சஃபோக் கவுண்டியை வச்சு அமாண்டா ஏகன், ஜெனிஃபர் டோலியாக், ஆனா ஹார்வி மூணு பேரும் செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு. அங்கே முதல் நாள் எந்த உதவி பிராசிக்யூட்டர் கையில் கேஸ் விழும்னு ஏறக்குறைய குலுக்கல் மாதிரி. சிலர் எல்லாத்தையும் நடத்துறவங்க, சிலர் சின்னதை விட்டுடுறவங்க. ஒரே மாதிரி கேஸ், ஒண்ணு நடந்தது, ஒண்ணு நடக்கலை. 2004 முதல் 2018 வரையான வன்முறை இல்லாத மிஸ்டிமீனர் வழக்குகளில் ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டாங்க. இரண்டு வருஷத்துக்குள் மறுபடி வழக்கில் சிக்குறது, வழக்கு நடத்தாமல் விட்டவங்ககிட்ட பாதிக்கும் மேலே குறைஞ்சிருந்தது.

இதை ரொம்ப இழுக்கக்கூடாது. ஒரு பிராசிக்யூட்டர் நடத்துவார், இன்னொருத்தர் விடுவார் என்கிற எல்லைக்கோட்டில் நிற்கிற வழக்குகளுக்குத்தான் இந்த முடிவு பொருந்தும். எல்லா மிஸ்டிமீனரும் அந்தக் கோட்டில் இல்லை. குடிச்சுட்டு ஓட்டுறதும் மிஸ்டிமீனர்தான், வீட்டில் மனைவியை அடிக்கிறதும் பெரும்பாலும் மிஸ்டிமீனர்தான். இந்த வழக்குகளில் அரசு வக்கீல் இல்லாத அறை வேற விதமா ஆபத்து. அடி வாங்கினவங்க, அடிச்சவன் முன்னாடி, தாங்களே எழுந்து தங்கள் கதையைத் தாங்களே சொல்லணும். எதிரே அவனுக்கு வக்கீல் இருக்கலாம். பிராசிக்யூட்டர் வரலைன்னால் குற்றவாளிக்கு நல்லதுன்னு நினைக்கிறவங்க இந்தப் பக்கத்தையும் யோசிக்கணும்.

அதனால் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஒரு பிராசிக்யூட்டரின் முதல் வேலை வழக்கு நடத்துறது இல்லை, பிரிக்கிறது. இதை எடு, இதை விடு, இதுக்கு இந்தப் பேர் அதிகம்னு கேஸ் ஆரம்பிக்கிற நேரத்திலேயே சொல்றது. ரோட்டில் நிறுத்தின போலீஸ்காரரால் அதைச் செய்ய முடியாது, தான் எழுதினதைத் தானே வேண்டாம்னு சொல்லணும். ஜட்ஜால் செய்ய முடியும், ஆனால் அவர் கைக்கு வரும்போது மூணு மாசம் போயிருக்கும், லீவு போயிருக்கும், ஃபீஸ் போயிருக்கும். ஃபீலி சொன்ன தண்டனை அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.

பிரிக்க ஆள் இல்லைன்னால் எவ்வளவு தூரம் போகும் என்பதுக்கு வர்ஜீனியாவிலேயே உதாரணம் இருக்கு. கோர்ட் அபராதம் கட்டலைன்னால் லைசென்ஸ் ரத்து. ரத்தான லைசென்ஸோட வேலைக்கு வண்டி ஓட்டினால் புது மிஸ்டிமீனர், புது அபராதம். பஸ் இல்லாத ஊரில் லட்சக்கணக்கானவர்கள் இந்தச் சுழலில் கிடந்தாங்க. 2016-ல் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டாங்க, 2018 டிசம்பரில் இடைக்காலத் தடை கிடைச்சது, 2020-ல் சட்டசபையே அந்தச் சட்டத்தை எடுத்துடுச்சு. பணம் இல்லாததைக் குற்றமா மாத்தின சட்டம் அது. அது போகும்வரை, அப்படிப்பட்ட வழக்கு ஒவ்வொண்ணையும் யாரோ ஒருத்தர் நடத்திக்கிட்டுத்தான் இருந்தாங்க.

அன்னைக்கு நடந்தது

நண்பன் பேரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி, வராந்தாவில் அவன் வக்கீலும் போலீஸ்காரரும் ரெண்டு நிமிஷம் பேசிக்கிட்டாங்க. உள்ளே சான்றிதழ்களைக் காட்டினதும் ஜட்ஜ் வழக்கை 'இம்ப்ராப்பர் டிரைவிங்'னு குறைச்சார். அது குற்றமே இல்லை, வெறும் போக்குவரத்து விதிமீறல். தவறின் அளவு சின்னதா இருந்தால் ஜட்ஜ் இப்படிக் குறைக்கலாம்னு சட்டத்திலேயே இருக்கு. அபராதம் அதிகபட்சம் 500 டாலர்.

அவனுக்கு ரெண்டு பேர் முன்னாடி ஒருத்தர் நின்னார். வயசு நாற்பது இருக்கும், பெயின்ட் படிஞ்ச பூட்ஸ். அவரும் 65-ல் 86. ஜெயில் தண்டனை கிடையாதுன்னு ஜட்ஜ் முன்னாடியே சொல்லியாச்சு, அதனால் அரசு செலவில் வக்கீலும் கிடையாது. 1979-ல் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லிவச்சிருக்கு: ஜெயிலுக்கு அனுப்பாத வழக்குக்கு இலவச வக்கீல் தரவேண்டிய கட்டாயம் இல்லை. கேட்கிறப்ப கருணையாத் தெரியும். ஆனால் குற்றவாளி என்கிற பேர் போகாது, அது தடுக்கப்படலாம்னு சொல்ல ஒரு ஆளும் கிடைக்காது. "வேகமாப் போனீங்களா?" என்றார் ஜட்ஜ். "போனேன் சார்" என்றார். ரெக்லஸ் டிரைவிங், குற்றம் உறுதி. பத்து நாளுக்குள் மேல்கோர்ட்டுக்கு அப்பீல் போனால் வழக்கை முதலிலிருந்து புதுசா விசாரிப்பாங்க. சட்டத்தில் அந்தக் கதவு இருக்கு. அவர் முகத்தைப் பார்த்தால் அதெல்லாம் காதில் விழுந்த மாதிரி தெரியலை.

வெளியே வந்ததும் நண்பன், "தப்பிச்சேன் மாப்ள" என்றான். அவனுக்கு கிரீன் கார்டு, பிறகு குடியுரிமை, அந்த விண்ணப்பங்களில் 'எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா, குற்றம் உறுதியாகியிருக்கிறதா' என்கிற கேள்விகள், எல்லாம் மனசில் ஓடிக்கிட்டிருந்தது. அவன் சந்தோஷத்தில் தப்பு சொல்ல முடியாது. வக்கீலுக்குக் கொடுத்த காசு வீண் போகலை.

மூணில் ஒண்ணுதான் படிக்க நேரம்னால் ஃபீலியைப் படிங்க. சின்னப் புத்தகம் இல்லை, எழுத்தும் கொஞ்சம் வறட்சிதான். ஆனால் இத்தனை வருஷம் கழிச்சும் கோர்ட் வராந்தாவில் நிற்கும்போது ஞாபகத்துக்கு வர்றது அதுதான். அதோட ஒரு நாள், உங்க ஊர்ல, எந்த ஊரா இருந்தாலும், போக்குவரத்துக் கோர்ட்டில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்க. அரசுத் தரப்பில் யார் எழுந்து பேசுறாங்கன்னு மட்டும் கவனிங்க. அன்னைக்கு நாங்க கார் பக்கம் நடக்கும்போது, பெயின்ட் பூட்ஸ் போட்டவர் காசு கட்டுற ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு இருந்தார். வழி காட்டினது அவர் மேல் கேஸ் எழுதின அதே போலீஸ்காரர்தான்.